தாடைச் சுழி

எங்கயாவது சொரசொரங்குதா பாரு செங்கு, என்று கனகசபை முகத்தைச் சாய்த்துக் காட்டுகிறார், ஈரம் காயாத கன்னம், படிகாரக் கட்டி தேய்த்த குளிர்ச்சி, இல்லீங்களே, வழுவழுன்னுதான் இருக்கு, என்கிறாள் செங்கமலம், உள்ளங்கையால பாத்தா உனக்கு எங்க தெரியப்போவுது, ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போன கை, விரலோட பின்பக்கத்தால பாரு, தாடைக்குக் கீழ, அந்தச் சுழிகிட்ட, என்கிறார் அவர், அவள் நான்கு விரல்களையும் மடக்கி, நகத்துக்கு மேலிருக்கும் மெல்லிய தோலால் கீழிருந்து மேலாக ஒருமுறை தடவுகிறாள், இந்தா, இங்க ஒரே ஒரு முடி உங்கள ஏமாத்திட்டு நிக்குது, அப்படியா, சர்வேயரையே ஏமாத்துறானா அந்தப் பய, விடு, அளந்து கல்லு நட்டுருவோம், என்று அவர் மறுபடி கத்தியை விரிக்கிறார், சிரிப்பில் கை ஆடிவிடக்கூடாதே என்று அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கல்யாணமான புதிதில் உறையூர் வாடகை வீட்டில் நடந்த பேச்சு அது, நாற்பத்து மூன்று வருடமாகிறது, ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குளியலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி, கிண்ணத்தில் பிரஷ்ஷால் சோப்பைக் குழைத்துக்கொண்டு நிற்கும்போது, பக்கத்து அறையில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல அது கேட்கிறது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கிறாள், அங்கே யாருமில்லை, எதிரே ஜன்னல் கம்பியில் மாட்டிய கண்ணாடியில் நுரை பூசாத ஒரு கிழவரின் முகம் மட்டும் அசையாமல் இருக்கிறது, நடுக்கமெல்லாம் கைக்குப் போய்விட்டதால் முகத்துக்கு எதுவும் மிச்சமில்லாததுபோல.

இன்றைக்குத்தான் கடைசி. நாளையிலிருந்து ஏஜென்சி ஆள் வருகிறான், குளிப்பாட்டுவது, உடைமாற்றுவது, சவரம் செய்வது எல்லாம் இனி அவன் பொறுப்பு, மகன் கதிரேசன் நேற்றுப் பெங்களூரிலிருந்து போன் செய்து சொன்னான், நான் என்னடா பண்ணாம விட்டேன், என்று அவள் கேட்டாள், நீ ஒண்ணும் விடலம்மா, அப்பாதான் கேட்டாரு, நீ ஷேவ் பண்ணினா எரியுதாம், என்றான் அவன், வெளிப்படையாகப் பேசுகிற பிள்ளை, யாரிடமிருந்து அந்தக் குணம் வந்ததோ, இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் அது கிடையாது. எரியுதாமே. அவள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் தையல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், எட்டு மாதமாக ஒரு கீறல் விழாமல் வழித்துவிட்ட கைக்கு, ஒரு நாள் விடாமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற கண்ணுக்கு, எரியுது என்ற ஒரு சொல்லா, அதையும் அவளிடம் சொல்லாமல் பெங்களூருக்குச் சொல்லி, அங்கிருந்து திருச்சிக்கு வரவழைத்து.

அவருக்குக் கத்திதான் எப்போதும், தந்தநிறப் பிடிக்குள் மடங்கும் சவரக்கத்தி, ஜன்னல் கம்பியில் மாட்டிய தோல் வாரில் முன்னுக்கும் பின்னுக்கும் அதைத் தீட்டுகிற சத்தத்தில்தான் அந்த வீடு விடிந்தது, கத்தியைச் சலூன்காரரிடம் விட்டுவிட்டு மற்ற எல்லா ஆண்களும் வீட்டில் ரேசருக்கு மாறிவிட்ட காலம், அவருடைய தம்பிகள்கூடக் கேலி செய்தார்கள், அண்ணே, ரிட்டயர் ஆனா கடை வச்சுரலாம், என்று, அவர் அசையவில்லை, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து மறு கையால் கத்தியைச் சாய்த்து, கிருதா இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று சங்கிலி பிடித்து வயல் அளக்கிறவர்போலத் தள்ளி நின்று பார்ப்பார். கதிரேசனை ஏழு மாதம் வயிற்றில் வைத்திருந்தபோது ஒரு காலை அந்தக் கத்தி அவர் தொண்டைக்குழியின் மேல் ஏறி இறங்குவதைப் பார்த்தாள், அன்றைக்கே பிளவுஸ் தைத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போய், உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய தகரப் பெட்டியில் ஒரு சேஃப்டி ரேசரும் ஐந்து பிளேடும் வாங்கி வந்தாள், பயமா இருக்குங்க, இதுல பண்ணிக்கங்களேன், வெட்டே படாதாம், என்று நீட்டினாள், அவர் திறந்து பார்த்துச் சிரித்தார், இது மொகத்த வழிக்கிறதா சுரைக்கா தோல் சீவுறதா, வெட்டே படாத சாமான்ல என்ன வேலை நடக்கும், சும்மா சுரண்டிக்கிட்டு கிடக்க வேண்டியதுதான், உனக்குப் பயமா இல்ல உள்ள இருக்கிறவனுக்கா, என்று அவள் வயிற்றைத் தட்டினார், பெட்டி பீரோவின் அடித்தட்டுக்குப் போனது, பிளேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் தையல் பிரிக்கப் பயன்படுத்தித் தீர்த்தாள், பிடி மட்டும் வெல்வெட்டில் படுத்திருந்தது, அவளுக்கு அதில் வருத்தம்கூட இல்லை அப்போது, ஏனென்றால் மறுநாள் காலையும் அவர் முகத்தைச் சாய்த்து, எங்கயாவது சொரசொரங்குதா பாரு செங்கு, என்றார், அது போதுமாக இருந்தது, அது எவ்வளவு போதுமாக இருந்தது என்பது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டு வேறு எதையும் நினைக்க முடியாது, வேறு யாரையும் நினைக்க முடியாது, நினைத்தால் வெட்டிவிடும், ரேசர் அப்படியில்லை, அதை முகத்தில் ஓட்டிக்கொண்டே மனதை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம், தர்மபுரிக்குக்கூட. கதிரேசன் எட்டாவது படிக்கும்போது அவருக்குத் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது, படிப்புக் கெட்டுவிடும் என்று அவளும் பையனும் இங்கேயே இருந்தார்கள், அவர் சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை பஸ் ஏறுவார், கத்தியை இங்கேயே வைத்துவிட்டுப் போனார், ஏங்க கத்திய எடுத்துக்கலயா, அங்க ரூம்ல வெளிச்சமே இல்ல, ஆபீஸ் பக்கத்துல சலூன் இருக்கு, அங்க பண்ணிக்கிறேன், என்றார், அவளும் நம்பினாள், கொஞ்ச நாள் நம்பினாள். ஆனால் சனிக்கிழமைகளில் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு விளக்கடியில் உட்காரும்போது இடது தாடையின் அடியில் அந்தச் சுழி தெரிந்தது, அங்கே முடி பக்கவாட்டில் வளரும், கத்தியைக் கீழிருந்து மேலே எடுத்தால்தான் ஒழுங்காக வரும், சலூன்காரர் எவரும் அதை விடமாட்டார், இங்கே அது எள்ளுத் தூவியதுபோல அப்படியே நின்றது, ரேசரை மேலாக்க ஓட்டியவர்கள் முகத்தில்தான் அப்படி நிற்கும், அவள் எதுவும் கேட்கவில்லை, அழுக்குத் துணி எடுக்க அவர் பைக்குள் கையை விட்டபோது கைக்குட்டையில் சுருட்டியபடி ஈரமாய் ஒரு சேஃப்டி ரேசர் வந்தது. வாங்கியிருக்கலாம், வழுக்காமல் இருக்க அதன் பிடியில் ஏதாவது சுற்றியுமிருக்கலாம், ஆண்கள் ரப்பர் சுற்றுவார்கள், சணல் சுற்றுவார்கள், ஆனால் இதன் பிடி முழுக்கப் பச்சை நூலால் காஜாத் தையல், சட்டைப் பொத்தான் துளைக்குப் போடுவதுபோல ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடிச்சு, முடிச்செல்லாம் ஒரே வரிசையில் முதுகெலும்புபோல இறங்கியது, அதைப் போட ஒரு மதியம் முழுக்க வேண்டும், பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும், போட்டவளுக்கு அவசரம் இருந்திருக்கக்கூடாது, வேலை தெரிந்தவளாக இருந்திருக்க வேண்டும், நூலின் முனையை உள்ளே இழுத்து மறைத்திருந்த விதத்தைப் பார்த்து, நம்மைவிடச் சுத்தம், என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள், கத்தி தீட்டும் சத்தம் கேட்கிறது, நிற்கிறது, தண்ணீர் ஊற்றும் சத்தம், படிகார வாசனை, அவர் அடுக்களை வாசலில் வந்து குனிகிறார், வழக்கம்போல, எதுவுமே நடக்காததுபோல, எங்கயாவது சொரசொரங்குதா பாரு செங்கு, என்கிறார், அவள் நிமிரவில்லை, கையெல்லாம் மாவா இருக்கு, என்கிறாள், அவ்வளவுதான், மூன்று சொல், ஆனால் குரல் எப்படி வந்ததோ, அவர் நிமிர்ந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் கேட்பார் என்று இருந்தாள், கேட்டால் கேட்டுவிடலாம் என்றும் இருந்தாள், அவர் கேட்கவில்லை, இரண்டரை வருடம் கழித்து மாற்றலாகித் திரும்பி வந்தார், பையில் ரேசர் இல்லை, மறுபடியும் கத்தி, மறுபடியும் தோல் வார், கிருதா இரண்டும் ஒரே மட்டம், சுழி சுத்தமாக இருந்தது, செங்கு என்ற பெயர் மட்டும் அங்கேயே எங்கோ விட்டுப்போயிருந்தது, இந்தா, இங்க பாரு, உன்னத்தான், இவைதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளுடைய பெயர்கள், இருபத்தொன்பது வருடம், மகனுக்குக் கல்யாணம் நடந்தது, பேத்தி பிறந்தாள், கூடத்துக்கு டைல்ஸ் போட்டார்கள், ஒவ்வொரு காலையும் அவர் வழித்த முகத்தோடு அவளைக் கடந்து போனார், அவள் கை ஒவ்வொரு காலையும் ஏதோ வேலையாக இருந்தது.

கை நடுக்கம் வந்த இரண்டாம் வருடம் அந்தச் சுழியிலேயே கத்தி இறங்கிவிட்டது, துண்டு நனைகிற அளவு ரத்தம், கதிரேசன் வந்து கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஐந்து நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தவர் முன்னால் அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை எடுத்து வந்தாள், புதுப் பிளேடு போட்டாள், இது எங்க வாங்குன, என்று அவர் இழுத்து இழுத்துக் கேட்டார், அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை, கடையில, என்றாள். அன்றிலிருந்து எட்டு மாதம், தோலை இழுத்துப் பிடிக்க வேண்டிய இடத்தில்கூடத் துண்டின் நுனியால்தான் இழுப்பாள், விரல் ஒருநாளும் படவில்லை, கேட்காத முகத்தைத் தொடுவதில்லை என்று அவள் வைத்திருந்த வைராக்கியம் அது, அதை அவர் கவனித்திருப்பார் என்று நினைத்ததேயில்லை.

இப்போது நுரை பூசியாயிற்று, நேற்று மத்தியானம் போன் வந்தபிறகு செய்து முடித்ததை அவள் முந்தானைக்குள்ளிருந்து எடுக்கிறாள், வேண்டுமென்றேதான் செய்தாள், தகரப் பெட்டி ரேசர், பிடி முழுக்கப் பச்சை நூல், காஜாத் தையல், முடிச்செல்லாம் ஒரே வரிசை, முனையை உள்ளே இழுத்து மறைத்தாயிற்று. அவர் கண்ணாடியில் அதைப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார், வலது கை வழக்கம்போல ஆடிக்கொண்டே எழுந்து வருகிறது, கட்டைவிரல் நூலின் மேல் விழுந்து, வழுக்கி, மறுபடி விழுகிறது, ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு, எப்பலேர்ந்து தெரியும், என்கிறார், சத்தமே இல்லாத குரல், நான் மாவு பிசைஞ்சிட்டிருந்தேனே, அன்னிக்குக் காலையிலேயே தெரியும், என்கிறாள் அவள், நீ ஒரு வார்த்த கேக்கலியே, என்கிறார், நீங்க மட்டும், அதுக்கப்புறம் ஒரு வார்த்த கேட்டீங்களா, என்கிறாள், தலையை ஆட்டாதீங்க, வெட்டிரும், என்று சொல்லி இடது கன்னத்தை வழிக்கிறாள், வலது கன்னம், மூக்கின் கீழே, அவர் உதடு ஏதோ சொல்ல அசைகிறது, பெயராக இருக்கலாம், சாக்காக இருக்கலாம், அவள் ரேசரை அங்கேயே நிறுத்திப் பிடிக்கிறாள், சொல்லாதீங்க, அதெல்லாம் எனக்கு வேணாம், எரியுதுன்னு பையன்கிட்டச் சொன்னீங்களாமே, அதச் சொல்லுங்க, எங்க எரியுது. சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் அவருக்கு வரும், தொடாம பண்றியே, என்கிறார், அதுதான்.

அவள் சுழியில் கீழிருந்து மேலாக ரேசரை எடுக்கிறாள், ஒருமுறை, இன்னொரு முறை, துண்டால் நுரையை ஒற்றுகிறாள், படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்க்கிறாள், ரேசரைக் கழுவித் தகரப் பெட்டியில் வைத்து மூடுகிறாள், இப்போது கையில் எதுவும் இல்லை, மாவு இல்லை, ஊசி இல்லை, துண்டுகூட இல்லை, ஈரம் காயாத கன்னம் எதிரே இருக்கிறது, அவள் நான்கு விரல்களையும் மடக்கி அந்தச் சுழிக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறாள், அதற்கு மேல் அந்தக் கை போக மறுக்கிறது, இங்க பாருங்க, மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க, அது என்னால ஆகாது, நீங்க எதையும் விளக்கவும் வேணாம், நாளைக்கு அந்த ஆள் வந்துருவான், என்கிறாள், ஒரே ஒரு தடவ என்னைக் கேளுங்க, எங்கயாவது சொரசொரங்குதா பாரு செங்குன்னு, பேர் சொல்லிக் கேளுங்க.