தர்சினியின் சோடி

சீட்டில்தான் பிழை என்று உதயகலா இன்றைக்கும் சொல்லுவாள். அந்தச் சீட்டை எடுத்தது அவளுடைய கைதான் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

டெங்கு ஒருவாறு ஓய்ந்த மாதம் அது. அந்தச் சுகாதாரப் பணிமனையின் பன்னிரண்டு பேரும் பிழிந்து போட்ட சீலை மாதிரிக் கிடந்தார்கள். சும்மா ஏதும் கேட்டாலே எரிந்து விழுந்தார்கள். ஒருத்தி நிறை பார்க்கிற கிளினிக்கில், தராசில் குழந்தை இருக்கும்போதே மயங்கி விழுந்தாள். நல்லகாலம், தாய் பிள்ளையைப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பணிமனைக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா எல்லாரையும் கூப்பிட்டு, "ஊருக்கெல்லாம் நாங்கள் பாக்கிறம், எங்களை ஆர் பாக்கிறது?" என்று கேட்டு, வியாழக்கிழமைத் திட்டத்தைச் சொன்னா.

வியாழன் மூன்று மணிக்கு எல்லாரும் சோடி சோடியாக இருக்கவேண்டும். பத்து நிமிடம் ஒருவர் கதைக்க மற்றவர் கேட்கவேண்டும். மணி அடித்தால் அடுத்தவரின் முறை. புத்தி சொல்லக்கூடாது. கேட்டதை வெளியில் விடக்கூடாது. யாருக்கு யார் சோடி என்பது சீட்டுப்படி.

"எனக்குச் சோடி இருக்கு டொக்டர்" என்றாள் உதயகலா. எல்லாரும் சிரித்தார்கள். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. அவளும் தர்சினியும் ஒரே நாளில் நியமனம் எடுத்து, பதினெட்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளில் குடும்பநல மாதுக்களாக, வீடு வீடாகத் தாய் பிள்ளைகளைப் பார்த்து ஓடித் திரிபவர்கள். பணிமனைக்கு வருகிற நாட்களில் தர்சினி சோறு கொண்டுவருவாள், உதயகலா கறி கொண்டுவருவாள். மனுசனோடு சண்டை, மாமியாரின் குணம், மகளின் ஏ.எல். ரிசல்ட், தன்னுடைய பிரஷர் என்று உதயகலா சொல்லச் சொல்லத் தர்சினி கேட்டுக்கொண்டு சாப்பிடுவாள். தர்சினியின் தாய் செத்தபோது உதயகலா அழுத அழுகையில், செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அவளைத்தான் மகள் என்று நினைத்தார்கள். அதை அவள் எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

தடுப்பூசி கொண்டுபோகிற குளிர்பெட்டிக்குள் ஆறு பேரின் பெயர்களைப் போட்டுக் குலுக்கினார்கள்; மற்ற ஆறு பேரும் எடுக்கவேண்டும். முதல் சீட்டை உதயகலா முந்திக்கொண்டு எடுத்தாள். பிரித்தால் பிரகலாதன், பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தொட்டி தொட்டியாய் டெங்கு நுளம்பின் குடம்பிப் புழு தேடித் திரிகிற மனிசன். இரண்டாவது சீட்டை நிவேதனா எடுத்தாள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெட்டை. "தர்சினி அக்கா" என்று வாசித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதயகலாவுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமைகள் நரகமாகின. நிவேதனாவும் தர்சினியும் மாமரத்தடியில் கிடக்கிற நீட்டு வாங்குப் பலகையில் இருப்பார்கள். உதயகலாவுக்கும் பிரகலாதனுக்கும் விறாந்தை. பிரகலாதனின் தோளுக்கு மேலால் பார்த்தால் மாமரத்தடி நன்றாகத் தெரியும். முதல் வாரம் தர்சினி சிரித்தாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று உதயகலாவுக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் வாரம் தர்சினி அழுதாள். பதினெட்டு வருடத்தில் தன் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நேற்று வந்த ஒருத்தியின் முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்!

"அக்கா, நீங்கள் கேக்கேல்லை" என்றான் பிரகலாதன்.

"கேக்கிறன் கேக்கிறன். நுளம்புதானே?"

"இல்லையக்கா. என்ரை மகள் ஒரு மாசமா என்னோடை கதைக்கிறேல்லை எண்டு சொன்னனான்."

உதயகலா மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டே திரும்பவும் மாமரத்தடியைப் பார்த்தாள்.

அடுத்தநாள் சோற்றைப் பிசைந்தபடி, "என்ன நேற்று ஒரே அழுகை?" என்று கேட்டாள்.

"சும்மாதான்" என்றாள் தர்சினி.

"என்னட்டையும் சொல்லமாட்டியே?"

"அங்கை கதைக்கிறதை இஞ்சை கதைக்கக்கூடாது எண்டுதானே டொக்டர் சொன்னவா. நீ சொல்லு, மாமி இப்ப எப்பிடி?"

அன்றைக்குத்தான் முதன்முதலாக உதயகலா மாமியாரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினாள். தர்சினி அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதுவும் சேர்ந்து எரிந்தது.

பிறகு செவ்வாய்க்கிழமைகள். செவ்வாய் தர்சினியின் கிளினிக் நாள். மாத அறிக்கைக்காகப் பதிவேடுகளைச் சேர்த்து அடுக்கும்போது உதயகலாவின் கண்ணில் பட்டது: மூன்று செவ்வாய்க்கிழமையும் பிள்ளைகளின் நிறையை எழுதியிருப்பது நிவேதனாவின் குண்டுக் கையெழுத்து. அப்படியென்றால் தர்சினி எங்கே போனாள்? கேட்டிருந்தால் தன்னுடைய சகல வேலையையும் போட்டுவிட்டு உதயகலா போய்ச் செய்து கொடுத்திருப்பாளே! அவளிடம் ஏன் கேட்கவில்லை? பதில் தெரியாத கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வெந்தாள். மூன்றாம் நாள் மாதக் கூட்டம். இறுதியில் டொக்டர், "வேறை ஏதும் இருக்கோ?" என்று கேட்டதும் எழும்பினாள்.

"தர்சினியின்ரை பதிவேட்டிலை மூண்டு செவ்வாய் நிவேதனான்ரை கையெழுத்து இருக்கு. அந்த ஏரியாவை இப்ப ஆர் பாக்கிறது எண்டு எங்களுக்கும் தெரியத்தானே வேணும் டொக்டர்?"

நிவேதனாவைக் குத்தத்தான் அவள் அதைச் சொன்னாள். தர்சினியின் முகம் வெளிறிப்போனது.

"எனக்குத் தெரியும். நான்தான் அப்பிடிச் செய்யச் சொன்னனான்" என்று டொக்டர் சொல்லிக் கொப்பியை மூடினா. கூட்டம் கலைந்தது. ஒருவரும் உதயகலாவோடு கதைக்கவில்லை.

தர்சினி ஸ்கூட்டியடியில் நின்றாள். ஏசுவாள் என்று நினைத்து உதயகலா பதில்களை அடுக்கிக்கொண்டு போனாள். தர்சினி ஏசவில்லை.

"மார்பிலை ஒரு கட்டி, உதயா. செவ்வாயிலைதான் ஆசுப்பத்திரியிலை அதைப் பாக்கிற கிளினிக். வாற புதன் வெட்டி எடுக்கினம். என்ன கட்டி எண்டு பிறகுதான் தெரியும்."

உதயகலா அப்படியே வாயைப் பொத்தினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தர்சினி கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து அவளுடைய முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பார், இதுதான். கட்டி எனக்கு, அழுறது நீ, தேத்திறது நான். அம்மா செத்த அண்டைக்கும் இப்பிடித்தான். நான் உன்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கு அழ இடம் கிடைக்கேல்லை."

"ஆர் துணைக்கு நிக்கிறது?"

"நிவேதனா."

"நான் நிக்கிறன். லீவு போடுறன்."

"வேண்டாம் உதயா. படுத்திருந்துகொண்டு என்னாலை உன்னைப் பாக்கேலாது."

தர்சினி அதை அன்பாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

புதன்கிழமை தர்சினியின் வேலையும் நிவேதனாவின் வேலையும் உதயகலாவின் தலையில் விழுந்தன. தானாகத்தான் கேட்டு வாங்கினாள். உடுப்பிட்டிப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் வெயிலில் சுற்றிவந்தாள். "எங்கடை மிஸ்ஸி எங்கை?" என்று கர்ப்பிணிகள் கேட்க, "லீவு" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினாள். அவளுடைய வாய்க்கு அது பெரிய காரியம். ஆனால் நெஞ்சு முழுக்க ஆசுப்பத்திரியில்தான் நின்றது. தர்சினிக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவது அந்தப் பெட்டை. பிளாஸ்கில் தேத்தண்ணி வாங்கிவருவது அந்தப் பெட்டை. கண் முழித்ததும் தர்சினி பார்க்கப்போகிற முகம் அந்தப் பெட்டையின் முகம். வீட்டுக்கு வந்து ஒரு சட்டி சூப் காய்ச்சினாள். கொண்டுபோகத் துணிவில்லாமல், வீம்புக்குத் தானே முழுவதையும் குடித்தாள்.

இரண்டு வாரத்தில் தர்சினி போன் எடுத்துச் சொன்னாள்: "ரிப்போட் வந்திட்டுது. பயப்பிட ஒண்டுமில்லையாம்."

கடவுளே என்று உதயகலா கதிரையில் இருந்துவிட்டாள். அடுத்து வாயில் வந்தது இதுதான்: "முதல் நிவேதனாவுக்குத்தானே சொன்னனி?"

"ரிப்போட் வரேக்கை அவள் பக்கத்திலை நிண்டவள்" என்றாள் தர்சினி.

இப்படியொரு செய்தி கேட்ட நேரத்தில் இப்படியொரு கேள்வி கேட்டேனே என்று உதயகலா தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் எரிச்சல் போகவில்லை.

அந்த வியாழன் தர்சினி இன்னும் லீவில். பிரகலாதன் எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டான். "அப்ப நீங்கள் ரண்டுபேரும் இண்டைக்கு ஒரு சோடி" என்று டொக்டர் உதயகலாவையும் நிவேதனாவையும் கைகாட்டினா. வேண்டுமென்றே செய்தாவோ என்னவோ.

மாமரத்தடி வாங்கில் உதயகலா, தர்சினி வழக்கமாக இருக்கிற பக்கத்தில் போய் இருந்தாள். மணி அடித்தது.

"நீ சொல்லு" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

நிவேதனாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு உங்களிலை பொறாமை அக்கா."

உதயகலா திரும்பிப் பார்த்தாள்.

"தர்சினி அக்காவுக்குப் பத்து நிமிசம் குடுத்தா ஏழு நிமிசம் உங்கடை கதைதான். உதயாக்குத் தெரிஞ்சா நித்திரை கொள்ளாள், உதயாக்குப் பிரஷர், உதயா சாப்பாட்டை விட்டிடுவாள். அதைச் சொல்லித்தான் அழுதவா. ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகேக்கை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, உதயாவைப் பாத்துக்கொள் எண்டவா. நான் நாலு இரவு ஆசுப்பத்திரிக் கதிரையிலை இருந்தனான். நித்திரை கொண்டனியே எண்டு அவ என்னை ஒருக்காலும் கேக்கேல்லை. கேக்கோணும் எண்டில்லை, வருத்தக்காரி. ஆனா எனக்கும் பயமா இருந்தது. அம்மாவையள் மல்லாவியிலை. இஞ்சை ஒரு வாடகை அறை. போய்க் கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறனான். ஆருக்கும் சொல்லேலாது. சொல்லக்கூடாது எண்டுதானே கதை."

உதயகலாவுக்கு முதலில் வந்தது சந்தோசம். வெட்கம்கெட்ட சந்தோசம். ஏழு நிமிசம்! பத்தில் ஏழு நிமிசம் தன்னுடைய பெயர்! அந்தப் பெட்டையின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான், தான் இத்தனை நாளாகப் பறிக்க நினைத்த இடத்தில் எவ்வளவு பாரம் இருந்திருக்கிறது என்பது உறைத்தது. தனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் நிவேதனா லேஞ்சி எடுப்பாள், அது நிச்சயம். உதயகலா உதட்டைக் கடித்து அழுகையை விழுங்கினாள்.

மணி அடித்தது.

"உங்கடை முறை அக்கா" என்று நிவேதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இவளுக்குச் சொல்லவென்று இரண்டு மாதமாக அடுக்கிவைத்த சொற்கள் உதயகலாவிடம் இருந்தன. பத்து நிமிடம் என்ன, பத்து மணித்தியாலத்துக்குக் காணும்.

"என்ரை பத்து நிமிசத்தையும் நீ எடு" என்றாள். "அந்த நாலு இரவும் எப்பிடி இருந்தது எண்டு சொல்லு."

நிவேதனா நம்பாமல் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினாள். தர்சினியின் பெயர் வந்த இடமெல்லாம் உதயகலாவுக்கு எரிந்தது. எரிய எரியக் கேட்டுக்கொண்டிருந்தாள்.