மைனஸ் பத்தொன்பது

புகைபோக்கிக்குள் புகை இல்லையென்றால் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே நிறுத்திய பாய்லர் ஆறிக் கிடந்தது. மீட்டரோ மைனஸ் பத்தொன்பது காட்டியது. இல்லாததற்கும் கீழே பத்தொன்பது! சுத்தத்தைவிடச் சுத்தமான புகைபோக்கி உலகத்திலேயே எங்கள் ஆலையில்தான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே முழுப் புகைபோக்கியையே மறைத்திருந்தார்கள், அதுவும் என் கையால்.

அந்த மீட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. புகைபோக்கியின் ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் கண்ணாடி. போன வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரவில்லையோ அவ்வளவு புகை. இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்களுடையது ஒரு மாதமாக முப்பத்தெட்டில் நின்றது. வடிகட்டிப் பைகள் கிழிந்துவிட்டன, மாற்றுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். எங்கள் மேனேஜருக்கு, அவருடைய மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்து, இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தோம்.

"பையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் மீட்டர்தான்மா கெட்டுப்போச்சு. லென்ஸை மாத்திட்டு புதுசா ஜீரோ போடு" என்றார் இஸ்திரி.

ஜீரோ போட ஒரே விதிதான். உள்ளே புகை இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்தும்போது உள்ளே என்ன இருக்கிறதோ, அதையே சுத்தம் என்று மீட்டர் நம்பிவிடும். அப்புறம் நிஜமாகவே சுத்தமானால் பூஜ்யத்துக்கும் கீழே காட்டும். வியாழக்கிழமை காலை ஏணியில் முப்பது மீட்டர் ஏறி, லென்ஸை மாற்றிவிட்டு, பத்து மணிக்கு வாக்கி-டாக்கியில் கேட்டேன். பாய்லர் ஓட்டுவது என் கூடப்பிறந்த அண்ணன்.

"பாய்லரை நிறுத்தியாச்சாண்ணா?"

"நிறுத்தி அரை மணி ஆச்சு. நீ போட்டுக்கோ."

போட்டேன். பாய்லர் நின்ற பிறகும் புகைபோக்கி மணிக்கணக்கில் சுடும், அதனால் தொட்டுப் பார்த்துத் தெரியாது. நிமிர்ந்து உச்சியில் புகை வருகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சொன்னது அண்ணன், நான் எதற்கு நிமிர்ந்து பார்க்க வேண்டும்?

அவன் நிறுத்தவே இல்லை, தீயைப் பாதியாகக் குறைத்ததோடு சரி என்பது இந்த மைனஸைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஜீரோ சரி என்று கொடுத்த சான்றிதழில் இருப்பதோ என் கையெழுத்து. பொய்யான ஜீரோ பிடிபட்டால் என் உரிமம் போகும். அப்புறம் எந்த ஆலையும் என்னை வாசலில்கூட நிற்கவிடாது. மறுநாள் திங்கட்கிழமை, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது.

அண்ணன் குழாய் துடைக்கும் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தான். அவர்களைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நின்றேன்.

"எங்கிட்டயே பொய் சொல்ல உனக்கு எப்படிண்ணா மனசு வந்துச்சு?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "இஸ்திரிதான் சொல்லச் சொன்னாரு. நிறுத்தினா அரை நாள் உற்பத்தி போயிடுமாம். என்னை ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கறேன்னாரு. இதெல்லாம் யாருக்குத் தெரியப்போவுது?"

"தெரிஞ்சா மாட்டப்போறது நான்தானே?"

"உன்னை விட்டுக்குடுப்பேனா பாப்பா?"

அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது. விட்டுக்கொடுத்து மூன்று நாள் ஆகிறது, இதில் பாப்பாவாம்! மறுபடி ஏறினேன். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்து, சரியான ஜீரோ போட்டேன். இறங்கியதும் வியாழக்கிழமைச் சான்றிதழின் மேலேயே 'இது தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை பாய்லர் ஓடியது. மீட்டர் முப்பத்தொன்பதைத் தொட்டது, அலாரம் அலறியது. கண்ட்ரோல் ரூமில் அதிகாரி என் காகிதத்தைப் படித்து முடிப்பதற்குள் இஸ்திரி முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு நாங்க நிறுத்தித்தான் சார் குடுத்தோம். இந்தப் பொண்ணு என்னமோ தப்பா போட்டிருக்கு."

அதிகாரி அண்ணனிடம் திரும்பினார். "நிறுத்தினீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி, "நிறுத்தினேன் சார்" என்றான்.

"பாய்லர் பதிவேட்டை எடுத்துப் பாருங்க சார்" என்றேன். அரை மணிக்கு ஒரு தரம் நீராவி அழுத்தத்தை எழுதாவிட்டால் அண்ணனுக்குத் தூக்கம் வராது. வாய்தான் பொய் சொல்லியிருந்தது. கை வழக்கம்போல எழுதித் தள்ளியிருந்தது.

அதிகாரி அந்த வரிகளில் விரலை ஓட்டினார். "ஒன்பதரைக்குப் பத்து கிலோ. பத்து மணிக்குப் பத்தரை கிலோ. நின்ன பாய்லர்ல அழுத்தம் எப்படிங்க ஏறும்?"

அண்ணன் தன் கையெழுத்தையே பார்த்தான். "நிறுத்தலை சார். தங்கச்சிகிட்டப் பொய் சொன்னேன்."

"யாரு சொல்லச் சொன்னது?"

அண்ணன் இஸ்திரியைப் பார்த்தான். இஸ்திரி செல்போனைப் பார்த்தார்.

"சொல்லேண்ணா!" என்று கத்தினேன்.

"நானாத்தான் சார் சொன்னேன்."

"மேனேஜர்தான் சார் சொல்லச் சொன்னாரு" என்றேன்.

"சொன்னதை நீங்க காதால கேட்டீங்களா?" என்று கேட்டார் அதிகாரி. நான் கேட்கவில்லை.

என் உரிமம் பிழைத்தது. அண்ணனை மதியத்துக்குள் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். இஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குப் பொய்னாலே ஆகாதும்மா. உனக்கு ஒரு டீ சொல்லட்டுமா?" என்று கேட்டார்.