குப்பைமேடு இல்லாத வீடு

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணைப் பார்ப்பதில்லை. கொல்லையில் குப்பைமேடு எவ்வளவு உயரம் என்றுதான் பார்ப்பார்கள். எரு குவிந்த வீடுதான் வசதியான வீடு. எங்கள் வீட்டில் மேடே கிடையாது. உர மூட்டைக்கு ஊரே வரிசையில் நின்ற எழுபத்து நான்காம் வருஷத்தில், அப்பாவோடு மல்லுக்கட்டி நான்தான் சாண எரிவாயுத் தொட்டி கட்ட வைத்தேன். சாணம் முழுக்க அதற்குள் போய்விடும்.

நல்லூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா கொளஞ்சியப்பன், கொல்லையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அஞ்சு மாடு நிக்குது, ஒரு கூடை எரு இல்லியே. வித்துட்டீங்களா?”

எருவை விற்பது நொடித்துப்போனவர்கள் செய்கிற வேலை. அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மறைப்பானேன்? ஒரு குப்பைமேட்டுக்காக அவரைக் கைநழுவ விட எனக்கு மனமில்லை.

“விக்கலைங்க மாமா. வயல்ல இருக்குது, வந்து பாருங்க” என்றேன்.

பெண் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தார், விவசாயி ஆயிற்றே. அவர் மனைவி பூவாயியும் பின்னாலேயே வந்தார்.

கேஸ் பிரிந்த பிறகு தொட்டியிலிருந்து வழிகிற சாணிக் குழம்பு, வாய்க்கால் தண்ணீரோடு கலந்து மிளகாய்ச் செடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் முகர்ந்து பார்த்தார். நாற்றமில்லை. பழக்கதோஷத்தில் குனிந்து களை பிடுங்கக் கையை விட்டார். ஒன்றிரண்டுதான் சிக்கின.

“களை எடுத்தாச்சா?”

“இன்னும் எடுக்கவே இல்லீங்க. சாணியில கெடக்குற களை வெத முக்காவாசி தொட்டிக்குள்ளயே செத்துப்போவுது.”

“எல்லாஞ் சரி. குப்பைமேடு இல்லாத வூட்டுல பொண்ணெடுத்தா நல்லூர்ல சிரிப்பாங்க.”

பூவாயி வரப்பில் உட்கார்ந்து, செடிகளுக்கு நடுவே கிடந்த வெறும் மண்ணைத் தடவிப் பார்த்தார்.

“சிரிக்கட்டும். உங்க குப்பைமேட்டுப் பெருமைக்கு, கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து குனிஞ்சு களை புடுங்குறவ நானு. போனது என் இடுப்புதான, உங்க இடுப்பா?”

பூவாயி என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எம்மா, நீ வரதுக்கு முன்னாடி எங்க வூட்டுல தொட்டி கட்டி முடிஞ்சிருக்கணும். எவ்ளோ ஆழம் தோண்டணும், சொல்லு.”

நான் மாமாவைப் பார்த்தே சொன்னேன்.