ஜெயவடிவுக்கு ஒரு நிமிட மௌனம்

ஜெயவடிவின் கொலையைப் பற்றிய ஆய்வுக் கூட்டத்தை, அவள் சாவதற்கு முந்தின நாளே வைத்துவிட்டோம். போன கூட்டம் தாமதமானதற்குப் பத்திரிகைகள் ஏசியிருந்தன. இந்த முறை யாரும் வாய் திறக்க முடியாது.

கூட்டம் மூன்றாவது மாடியில். ஆலோசனை மையத்தின் சார்பில் நான் போயிருந்தேன். பெண்களிடம் பேசுவது என் வேலை. நன்றாகப் பேசுகிறேன் என்று ஒருமுறை பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள்.

சுவரில் ஜெயவடிவின் படம், சம்பங்கி மாலையோடு. குத்துவிளக்கு ஏற்றினோம். தலைவர் அருளானந்தம் அமர்ந்தார். பல கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியதில் அவர் முகம் சுவர்க் கடிகாரமாகிவிட்டது. அதன் பிறகுதான் அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

"என்ன பாடம் கத்துக்கிட்டோம்?" என்றார்.

மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் மரகதம் எழுந்தார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உக்கார வச்சு, சமாதானம் பேசி அனுப்பிட்டோம் சார். அப்படி அனுப்பியிருக்கக் கூடாது."

கைதட்டினோம்.

அரசு மருத்துவர் எழுந்தார். "மாடிப்படில விழுந்துட்டேன்னாங்க. அவங்களோடது ஓட்டு வீடு. மாடியே கெடையாது. நான் கேட்டிருக்கணும்."

இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினோம். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஜெயவடிவு வந்தாள். இடது கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு கட்டைப்பை.

"வணக்கம் சார். இன்னைக்கு ராத்திரி தங்க ஒரு எடம் வேணும். வீட்டுக்குப் போனா கொன்னுருவாரு."

"தெரியும்மா," என்றார் தலைவர் அன்பாக. "அதுக்காகத்தான் கூடியிருக்கோம்."

"அப்போ எடம் கெடைக்குமா?"

"உயிரோட இருக்கறவங்களுக்குக் கீழ்த்தளம்மா. இங்க இறந்தவங்களை மட்டும்தான் பார்க்கிறோம்."

"கீழ பூட்டிக் கெடக்கு சார். எல்லாரும் மேல மீட்டிங்ல இருக்காங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

உண்மைதான். கீழ்த்தளத்துக்காரர்கள் எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் காப்பகத்தின் சாவி மேசைமேல், என் மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லோரும் மிக்சரைப் பார்த்தோம்.

ஜெயவடிவு சுவரைப் பார்த்தாள். "இது ரேஷன் கார்டு போட்டோல்லா? இதுல நான் நல்லாவே இருக்க மாட்டேன். மாலை நல்லாருக்கு."

"கொஞ்சம் சத்தம் போடாம இரும்மா," என்றார் மரகதம். "உன்னப் பத்திதான பேசிக்கிட்டு இருக்கோம்."

அவளுக்கு நாற்காலி போட்டோம். தேநீர் கொடுத்தோம். மனிதாபிமானம் முக்கியம்.

தலைவரின் முகத்தில் மணி அடித்தது. "அடுத்து ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி."

எழுந்து நின்றோம். எல்லோரும் எழுந்ததால் ஜெயவடிவும் எழுந்தாள். தம்ளரை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாருக்கு என்று கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவள்.

அவள் போன் அடித்தது. கூச்சத்தோடு எடுத்தாள்.

"எங்கட்டி கெடக்க?" அறை முழுக்கக் கேட்டது. "நீ வாரியா, நான் வரட்டா?"

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாக என்னை.

போகாதே என்று ஒரு சொல் சொன்னால் போதும். பேசுவதுதான் என் வேலை. ஆனால் மௌன அஞ்சலியில் பேசினால் இறந்தவரை அவமதித்ததாகும்.

என் கை சாவியை நோக்கி நகர்ந்தது. தலைவரின் பெரிய முள் என் பக்கம் திரும்பியது. கை ஒரு வேர்க்கடலையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"வந்துட்டேன்," என்றாள் ஜெயவடிவு போனில், எங்களுக்கு இடைஞ்சல் இல்லாத குரலில். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் வெளியே போனாள்.

வரும்போது வெளித் தாழ்வாரம் அவளுக்கு அரைநாள் நீளமாக இருந்திருக்கும். போகும்போது நாலே எட்டில் அவள் வீட்டு வாசலில் போய் முடிந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கதவு உள்ளேயிருந்து திறந்தது. அவள் செருப்பை வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தலைவரின் முள் நகரவில்லை. வேர்க்கடலை என் உள்ளங்கையில் நமுத்துப்போய்விட்டது. அவள் தேநீரிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருக்கிறது.

உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்த முயன்றேன், நிமிரவில்லை. குனிந்த தலைக்குச் சாவி மிக நன்றாகத் தெரிகிறது.