முப்பத்தொன்றில் பத்தாவது

எனக்குக் காது கூர்மை என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமை தலைக்கேறித்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன் நான். விருந்துக்குப் போன வீட்டில் ஒரு கம்பி இறங்கியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருடத்துக்கு முன் என் மனைவியின் பாட்டை நிறுத்தினேன். வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களாகப் பாடும் ஒரு குழுவில் அவள் இருந்தாள். கனத்த குரல்கள் அடிச்சுரத்தைப் பிடித்து நிற்க, அதற்கு மேலே மூன்றாம் சுரம் இவளுடையது. ஒத்திகை பார்க்கப் போனவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சுருதி காட்டும் மீட்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். முள் இடப்பக்கம் சாய்ந்தது. பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரத்தை நூறாகப் பிரித்தால், அதில் பதினான்கு பங்கு குறைவு. அதைப் பத்துப் பேர் முன்னால் சொன்னேன்.

"சேருதுங்க. எனக்குக் கேக்குது" என்றாள்.

"முள்ளு பொய் சொல்லாது" என்றேன்.

நாலைந்து மாதத்தில் குழுவை விட்டாள். இப்போது பாத்திரம் கழுவும்போதுகூட எதையும் முணுமுணுப்பதில்லை.

போன மாதம் ஒரு கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பழைய கால்மிதி ஆர்மோனியம் ஒன்றைப் பிரித்துத் தன் இஷ்டத்துக்குப் புதிதாகச் செய்திருந்தார். கீழ் ஸ முதல் மேல் ஸ வரை பன்னிரண்டு சம படிகள் என்பதுதான் நமக்குப் பழக்கம். டீச்சர் அதே தூரத்தை முப்பத்தொன்றாக வெட்டியிருந்தார். கட்டைகள் மூன்று வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"பன்னெண்டையே ஒழுங்கா வாசிக்க ஆளைக் காணோம். முப்பத்தொண்ணு எதுக்கு டீச்சர்?"

"சுருதி சேர்க்கத்தானே கூப்பிட்டேன்? கேள்வி கேக்கவா?"

வாயை மூடிக்கொண்டு அரத்தை எடுத்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குதான் ரீட். அதன் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் மதியம் அடிச்சுரத்தையும் அதிலிருந்து பத்தாவது படியையும் சேர்த்து அமுக்கினேன். பியானோவில் இந்த ஜோடியின் ஒலி எப்போதும் அலையலையாக நடுங்கும். நொடிக்கு எத்தனை நடுக்கம் என்று எண்ணித்தான் நாங்கள் சுருதியே வைப்போம். இங்கே நடுக்கம் இல்லை என்றே சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாகி நின்றன.

எனக்கு அந்தச் சுரம் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் வீட்டில் தினமும் கேட்டது.

"அதுதான் இயற்கையா சேருற இடத்துக்குப் பக்கம். பன்னெண்டு சமமா வெட்டணும்னா அதை மேல தள்ளித்தான் ஆகணும். வெறும் குரல்ல பாடறவங்க தானா இங்கதான் வந்து நிப்பாங்க" என்றார் டீச்சர்.

"எவ்வளவு தள்ளணும்?" தெரிந்தேதான் கேட்டேன்.

"பதினாலு பங்கு."

இது எனக்குத் தெரியாததா? தொழில் பழகிய முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம். பியானோவின் சமாச்சாரம் என்று அங்கேயே விட்டுவிட்டேன். மனைவியின் தொண்டைக்கும் அது பொருந்தும் என்று இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே சொன்னேன். "நீ பாடினது சரி. நான்தான் தப்பு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அது அப்பவே எனக்குத் தெரியும். ஆனா நீங்க அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. அப்புறம் தினமும் நீங்க வேலைக்குப் போனதும் நம்ம வீட்டுப் பியானோவை வச்சு மூணு மாசம் பழகினேன். முள்ளு நடுவுல நின்னுச்சு. பாடறதுல ருசி போயிடுச்சு. விட்டுட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி அவளை டீச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அடிச்சுரத்தை மட்டும் அமுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் தயங்கிவிட்டு அவள் வாய் திறந்தாள்.

வந்தது பியானோவின் சுரம். பதினான்கு பங்கு மேலே, துல்லியமாக, நான் திருத்திய இடத்தில்.

"சரியா இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னைக் கேக்காத. உனக்கு எப்படி இருக்கு?"

"ஒட்டலை." மறுபடி முயன்றாள். அதே இடம். இன்னொரு தடவையும் அதே. "பழையது எங்க இருந்துச்சுன்னு மறந்துபோச்சுங்க."

டீச்சர் மெதுவாக வெளியே போய்விட்டார். நான் பத்தாவது கட்டையையும் சேர்த்து அமுக்கினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கால் மிதிப்பது தடுமாறியது, சுரம் தேய்ந்தது.

"நிறுத்தாதீங்க. நான் சொல்ற வரைக்கும் மிதிங்க" என்றாள்.