மேசைக்குக் கீழே ஒரு ஸ்குவாட்ரன்

கேதீஸ்வரன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். செய்துவிட்டு, அது சரிவராது என்று ஒழுங்காகக் கவலைப்படுகிறவனும்கூட. 1991இல் அவனுக்குப் பிரிட்டனில், நோர்பரியில் பெற்றோல் ஷெட் வேலை, வியாழன் பின்னேரங்களில் வரலாற்று வகுப்பு. வருட முடிவில் எல்லோரும் ஆளுக்கொரு பேச்சுப் பேசவேண்டும். தேறினால் ஆசிரியை மிஸிஸ் பார்க்கர் கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார். தேறாவிட்டால் பெற்றோல் ஷெட்டே கதி.

இரண்டாம் உலகப்போரில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட ஒரு பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனை, அதாவது சண்டை விமான அணியைப் பற்றிப் பேசுவதாக முடிவெடுத்தான். கொழும்பில் குதிரைப் பந்தயம் நடந்த திடலையே ஓடுபாதையாக்கி, 1942 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு போட வந்த ஜப்பானிய விமானங்களை மறிக்க அங்கிருந்து கிளம்பியவர்கள்.

"ஏனடாப்பா, கிறிக்கெற்றைப் பற்றிப் பேசினால் ஆகாதோ?" என்றார் அறையில் கூட இருந்த இராஜேந்திரன் அண்ணை.

"அது எல்லாருக்கும் தெரியும், அண்ணை. பிழை பிடிப்பினம்."

பேச்சை அட்டைகளில் எழுதினான், இலக்கமிட்டான், கண்ணாடி முன் பேசிப் பார்த்தான். நூலகத்தில் பழைய விமான ஓசைக் கசெற் ஒன்றும் கிடைத்தது. இரவு ஷிப்ட் முடித்து அண்ணை பகலில் தூங்கியதால் அதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

வகுப்பில் இருந்த மற்றத் தமிழர் மெற்றில்டா அக்கா. ஆஸ்பத்திரியில் வேலை, அவனைப் போலவே யாழ்ப்பாணம், போன வருடம்தான் வந்தவர். அவன் பேசிய அன்று முன்வரிசையில் இருந்தார்.

முதல் அட்டைகள் நன்றாகவே போயின. அடுத்ததில், "இங்கே ஓசையைக் கேட்கச் செய்க" என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது. பட்டனை அழுத்தினான். தூரத்தில் ஓர் உறுமல். பிறகு அது தாழப் பதிந்து வந்தது.

அதற்குப் பிறகு அவனுக்குத் தெரிந்தது கம்பளத்தின் புழுதி மணம். காதுகளைப் பொத்தியபடி மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தான். பக்கத்தில் யாரோ இடித்தார்கள்.

"தள்ளிப் படும் தம்பி, என்ரை கால் வெளியிலை நிக்குது."

"அக்கா, இது கசெற்."

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை. முதல்லை அதை நிப்பாட்டும்."

"பட்டன் மேலை இருக்கு."

"போய் அமத்துமன்!"

"நீங்கள் போங்கோ."

"ஏன், என்ரை பேச்சோ?"

யாரோ நிறுத்தினார்கள். மிஸிஸ் பார்க்கர் குனிந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இத்தோடு போதும். கடிதத்தைப் பற்றி யோசிக்காதீர்கள், நான் எழுதித் தருகிறேன்."

கெட்டிக்காரன் என்றால் அத்தோடு விட்டிருப்பான். கேதீஸுக்கோ ரோஷம் வந்தது. குப்புறப் படுத்ததற்குக் கிடைத்த கடிதத்தை எந்த முகத்தோடு நீட்டுவது? படுப்பதற்கு அவன் எந்தப் புத்தகமும் படிக்கவில்லையே.

"எனக்கு இன்னும் அட்டைகள் இருக்கின்றன" என்றான், கீழே இருந்தபடியே.

எழும்பி வந்தபோது அட்டைகள் கலைந்து கிடந்தன. பின்வரிசையில் இருந்த தபால்காரர் பிரையன் உதவி செய்யும் நோக்கில் கேட்டார்: "அந்த ஸ்குவாட்ரனின் வேலைதான் என்ன?"

பதில் ஏதோ ஓர் அட்டையில் இருந்தது. அகப்படவில்லை.

"இப்படிச் சத்தம் வரும்போது அவர்கள் மேலே போவார்கள். கீழே இருப்பவர்கள் இப்படிப் படுக்காமல் இருப்பதற்காக. அன்றைக்குப் பலர் திரும்பி வரவில்லை. எங்கள் ஊரில் குண்டு போட விமானம் வந்தபோது அப்படி யாரும் மேலே போனதில்லை. ஆகவே ஒப்பிட்டுச் சொல்ல என்னிடம் விவரம் இல்லை."

எல்லோர் முகத்திலும் அதே கலக்கம். இரக்கப்பட்டே தேற்றிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம் பிடித்தது. அட்டைகளை அவசரமாகப் பொறுக்கி வாசிக்கத் தொடங்கினான்: இறக்கையின் அகலம், எரிபொருள் தாங்கி, துப்பாக்கிகள், பந்தயத் திடலின் புல். நிறுத்தவே இல்லை.

கடைசியில் பிரையன் வாயை மறைக்காமல் கொட்டாவி விட்டார். கேதீஸுக்கு உயிர் வந்தது.

"நேரம் தாண்டிவிட்டது" என்றார் மிஸிஸ் பார்க்கர், பழைய கண்டிப்போடு. "எந்தப் புத்தகங்களிலிருந்து எடுத்தீர்கள் என்றும் சொல்லவில்லை."

"அடுத்த அட்டையில் இருக்கிறது, மிஸ்."

அவர் அதை வாங்கிப் பென்சிலால் இரண்டு இடத்தில் திருத்தினார். "தேறிவிட்டீர்கள். ஆனால் இது மிக நீளம்."

கேதீஸ் தலையாட்டினான். நீளம்தான் என்று அவனுக்கும் பட்டது.