கண்ணை மூடினால் ஆமாம்

ஹாலாஸ்யம் பல வருடம் ஆசைப்பட்டுச் செய்யச் சொன்ன மீன் தொட்டி அது. ஆறடி நீளம். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, வில்லாபுரத்து வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. சோழவந்தானிலிருந்து ஆற்று மணல் கொண்டுவந்து, கலங்கல் போகும்வரை தானே அலசிப் போட்டார். தண்ணீர் நிரப்பி, காற்று விடும் மோட்டாரை மாட்டி, இரண்டே இரண்டு கறுப்பு மோலி மீன்களை விட்டார்.

"இத்தனை பெரிய தொட்டிக்கு ரெண்டு மீன்தானா?" என்றாள் மனைவி பாலாம்பாள்.

"புதுத் தண்ணி பாக்கறதுக்குத்தான் பளிச்சுனு இருக்கும் பாலா. மீனோட கழிவு அதுல விஷமாச் சேரும். அந்த விஷத்தைத் தின்னு தீக்கற கிருமி மணல்ல பிடிக்கணும். அதுக்கு நாளாகும். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா…"

அவள் பாதிதான் கேட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தையே அடைத்துவிட்டாரே என்ற எரிச்சல் வேறு.

அடுத்த வாரம் குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டோடு வாசற்படியில் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாற்பத்தெட்டு வயது, நூற்பாலை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக, நாள் முழுக்கப் பேசிப் பேசியே வேலை வாங்கியவர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கூடத்தைத் தவிர வேறெங்கும் கட்டில் போட இடமில்லை. தொட்டிக்கு எதிரே படுக்க வைத்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து ஏதாவது சொன்னார்கள். தைரியமாக இருங்கோ என்றார்கள், சரியாகிவிடும் என்றார்கள். பாலாம்பாளும் சொன்னாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு மோலிகளும் போகிற பக்கமெல்லாம் அவர் கண்ணும் போயிற்று.

தம்பி பட்டாபிராமன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். அண்ணன் இரண்டே மீனைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. சிம்மக்கல்லில் வண்ண மீன் கடைக்குப் போய் நான்கைந்து பிளாஸ்டிக் பைகள் நிறைய மீன் வாங்கி வந்தான். தங்க நிறம், வெள்ளி நிறம், வரிவரியாகச் சில.

பைகளைப் பார்த்ததும் ஹாலாஸ்யத்தின் தொண்டையிலிருந்து "ஆ… ஆ…" என்று சத்தம் வந்தது. இடது கை கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடித்தது.

"பாத்தேளா மன்னி! அண்ணாவுக்கு என்ன சந்தோஷம் பாருங்கோ!" என்று கண்கலங்கியபடியே பட்டாபி எல்லாப் பைகளையும் தொட்டியில் கவிழ்த்தான். பாலாம்பாளும் அழுதாள், சிரித்துக்கொண்டே. கை அடித்து ஓய்ந்தது.

பட்டாபி ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டாள். மறுநாள் காலையில் ஒன்று மல்லாந்து கிடந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண மனமில்லை. அவர் விழிப்பதற்குள் எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று ஓடினாள். அவரோ ஏற்கெனவே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கஞ்சியைக் கடைவாயில் விட்டபோது அப்படியே வெளியே வழிந்தது. சாயங்காலமும் வழிந்தது. பல்லை இறுகக் கடித்திருந்தார்.

"ஒரு வாய்… எனக்காக ஒரு வாய்," என்று கெஞ்சினாள். டாக்டர் சொல்லியிருந்தார், சாப்பாடு மட்டும் நிற்கக் கூடாது என்று.

கஞ்சியைத் துடைக்கும்போது அவருடைய இடது கையைப் பார்த்தாள். விரல் முட்டியில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் ஒருவன் கையை இப்படியா அடித்துக்கொள்வான்? அவர் முகத்துக்கு நேரே தரையில் மண்டியிட்டாள்.

"ஏன்னா, அன்னிக்கு நீங்க வேண்டாம்னுதானே சொன்னேள்? மீனைக் கொட்டாதேன்னுதானே? ஆமான்னா கண்ண மூடுங்கோ."

ஹாலாஸ்யம் அவளைப் பார்த்தார். கண்ணை மூடினார். மூடிய இமைக்கடியிலிருந்து நீர் இறங்கிக் காதோரம் போயிற்று.

இத்தனை வாரமாக யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதன்பின் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். தீனியை நிறுத்தணுமா? கண் மூடியது. தண்ணி மாத்தணுமா? மூடியது. முழுக்கவா? திறந்தே இருந்தது. கண்ணாடியின் மேல் விரலை வைத்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். கால்வாசிக்கு வந்தபோது மூடியது.

ஆனால் அது எண்பத்து மூன்றாம் வருடக் கோடை. குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவே குடத்தோடு நின்றது. பாலாம்பாள் தன் பங்குக் குடங்களைக் கொண்டுவந்து, தெளிய வைத்து, சமையலுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு ராக்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"மாமி! குடிக்கத் தண்ணியில்லாம நாங்க நாக்கு வறண்டு கெடக்கோம். நீங்க மீனுக்கு ஊத்துறீகளோ?"

"எங்க பங்கைத்தான் ஊத்தறேன் ராக்கம்மா."

"ஒங்க பங்குன்னா? ஒரு குடம் எனக்குக் குடுத்தா கொறஞ்சா போவீக?"

ராக்கம்மாள் சொன்னதில் தப்பு இல்லை. அடுத்த லாரி வந்தபோது பாலாம்பாளின் குடத்தை யாரோ வரிசையிலிருந்து காலால் தள்ளிவிட்டார்கள். வெறும் குடத்தோடு அவனியாபுரம் பக்கம் நடந்து, ஒரு தோட்டத்துக் கிணற்றில் கேட்டு வாங்கி இடுப்பில் சுமந்து வந்தாள். வழியில் இருமுறை உட்கார்ந்து அழுதாள். தொட்டியிலிருந்து மொண்ட பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றப் போனபோது ராக்கம்மாள் கத்தினாள்: "அத ஏன் கொட்டுறீக? இங்கிட்டு ஊத்துங்க, முருங்கைக்காச்சும் ஆகட்டும்." வேறொன்றும் பேசவில்லை.

இவ்வளவு செய்தும் மீன்கள் செத்துக்கொண்டேதான் இருந்தன. கடைசியில் ஒரே ஒரு கறுப்பு மோலி மிஞ்சியது. அவர் முதலில் விட்டவற்றில் ஒன்று. அதுவும் மூலையில் செருகிக்கொண்டு அசையாமல் நின்றது. இடையில் கஞ்சி குடித்து வந்த ஹாலாஸ்யம் மறுபடி அதைத் துப்பினார்.

அன்று மத்தியானம், வெயில் கூடத்துக்குள் வந்து விழுந்திருந்த நேரம், எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றதை அவள் கேட்டுவிட்டாள்.

"ஏன்னா… போயிடணும்னு இருக்கா உங்களுக்கு?"

கண் மூடியது. தவறுதலாக மூடியதோ என்று காத்திருந்தாள். திறந்து, அவளையே பார்த்து, மீண்டும் மூடியது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு நின்றாள். எவ்வளவு நேரமோ. திரும்பி வந்தபோது குரல் கரகரத்திருந்தது.

"சரி. நான் கேட்டேன், நீங்க சொல்லிட்டேள். ஆனா இந்த ஒத்தை மீனை எப்படிப் பொழைக்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னப்போ நான் காது குடுத்துக் கேக்கலை. எனக்கு அதைக் கத்துக் குடுத்துட்டு எங்க வேணா போங்கோ. இப்படிப் பாதியில விட்டுட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன்? சொல்லுங்கோ, என்ன பண்ணுவேன்?"

கடைசி வார்த்தைகள் கத்தலாகவே வந்தன. ஹாலாஸ்யம் கண்ணை மூடவில்லை. வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு பார்வை தொட்டிக்குப் போயிற்று. இடது கை மெல்ல எழுந்து, தீனி டப்பாவைக் காட்டியது. ஆட்காட்டி விரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவே போதும் என்று.

ராத்திரி இரண்டு கரண்டி கஞ்சி உள்ளே போயிற்று.

மோலி பிழைத்தது. கண்ணாடியில் மெல்லிய பச்சை படர்ந்தது, மணல் பழுப்பேறியது. தினமும் காலையில் கேட்டாள், "இன்னிக்கு இன்னொண்ணு விடலாமா?" கண் திறந்தே இருக்கும். மறுநாளும் கேட்பாள். மழை மேகம் கூடிய ஒரு நாள் அது மூடியது. கூடை, குடை எதுவும் எடுக்காமல் சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். இரண்டு மீன் போதும் என்றபோது கடைக்காரர் பால்பாண்டி, "அம்புட்டுப் பெரிய தொட்டிக்கு ரெண்டுதானா ஆத்தா?" என்றார். ரெண்டுதான் என்று அழுத்திச் சொன்னாள். அந்த இரண்டும் நிலைத்தன. வெகுநாள் கழித்து இன்னும் இரண்டு.

பேச்சு திரும்பவே இல்லை. இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டார். அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஹாலாஸ்யம் இருந்தார். பாலாம்பாள் அவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள், ரசத்துக்கு உப்புப் போதுமா என்பதிலிருந்து பட்டாபிக்குக் கடிதம் போடலாமா என்பதுவரை. அந்த ஒரு கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவே இல்லை.